படியாக்க விலங்குகளின் உடல்நலக் கேடுகள்: சினைக்காலம் முதல் உணவுத்தட்டு வரை

குளோனிங் எனப்படும் படியாக்க முறையில் பிறக்கும் விலங்குகள் எல்லாமே நோயுற்றவையா, அவற்றின் இறைச்சியையும் பாலையும் உட்கொள்பவருக்குத் தீங்கு நேருமா, இம்முறையில் பிறந்த டோலி என்ற செம்மறியாடு ஆறு வயதிலேயே இறந்ததற்கு அது பிறவியிலேயே முதுமையடைந்திருந்தது காரணமா என்பவையே கேட்கப்பட்ட கேள்விகள். பொதுவாக இவை மூன்றும் ஒரே அச்சமாகக் குழைத்துப் பேசப்படுகின்றன. ஆனால் இவற்றுக்கான விடைகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ளன. படியாக்கத்தின் உண்மையான கேடு கரு உருவாகும் காலத்திலும், அதைச் சுமக்கும் தாயின் வயிற்றிலும், குட்டி பிறந்த முதல் சில நாட்களிலும் குவிந்து கிடக்கிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டி வளர்ந்த விலங்கு பெரும்பாலும் மற்ற விலங்குகளைப் போலவே வாழ்கிறது. உண்பவருக்கு வரும் ஆபத்து குறித்து மிக அதிகமாகவும், சுமக்கும் தாய்க்கு வரும் ஆபத்து குறித்து மிகக் குறைவாகவும் பேசப்படுவதால், இந்தப் பதிலில் இரண்டாவதற்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

முதலில், கேடு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த விலங்கின் தோலிலிருந்தோ மடியிலிருந்தோ எடுத்த ஓர் உயிரணுவை, தன் உட்கரு நீக்கப்பட்ட ஒரு கருமுட்டையோடு இணைத்து, மின்துடிப்பாலோ வேதிப்பொருளாலோ அதைப் பிளவுறத் தூண்டி, உருவாகும் கருவை வேறொரு பெண் விலங்கின் கருப்பையில் வைப்பதே இம்முறை. உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன என்றாலும், தோல் அணுவில் தோலுக்கு வேண்டியவை மட்டும் திறந்திருக்கும். மற்றவை மரபிழையில் (டி.என்.ஏ) ஒட்டும் சிறு வேதிக் குறிகளான மெத்தில் குறிகளாலும், அந்த இழை சுற்றப்பட்டிருக்கும் புரதங்களில் ஏற்படும் மாற்றங்களாலும் மூடப்பட்டிருக்கும். இயற்கையில் விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் நீண்ட காலத்தில் இந்தக் குறிகள் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. படியாக்கத்திலோ, தோலாக வாழ்ந்து பழகிய ஓர் உட்கருவின் குறிகளை எல்லாம் கருமுட்டை சில மணி நேரத்தில் அழித்து, அதைக் கருவின் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அது முழுமையாக நடப்பது அரிது. மரபணுக்கள் எல்லாம் சரியாக இருந்தும், அவை திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பதில்லை, மூட வேண்டிய நேரத்தில் மூடுவதில்லை.

இதை வெறும் கண்ணாலேயே காட்டிய உயிர் ஒன்று உண்டு. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிசி என்ற பூனைக்குட்டி, மூன்று நிறத் திட்டுகள் கொண்ட ரெயின்போ என்ற பூனையின் படி, அதாவது அதன் மரபணு நகல். ஆனால் சிசியின் உடலில் ஆரஞ்சு நிறம் வரவே இல்லை. பெண் பூனையின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைக்கப்பட்டிருக்கும். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்கிறது. எடுத்த அணுவில் ஆரஞ்சைத் தாங்கிய குரோமோசோம் அணைந்திருந்தது. படியாக்கத்திலும் அந்த நிலை அழியாமல் தொடர்ந்தது. சிசிக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. குட்டிகள் ஈன்று, 18 வயது வரை வாழ்ந்தது. ஆனால் அழியாமல் எஞ்சிய குறி நிறத்துக்கு உரியதாக இல்லாமல், நுரையீரலின் வளர்ச்சிக்கோ, கருவுக்கு உணவூட்டும் நச்சுக்கொடியின் அமைப்புக்கோ உரியதாக இருந்தால் என்ன ஆகும் என்பதே படியாக்க விலங்குகளின் நலம் பற்றிய கேள்வியின் மையம்.

நச்சுக்கொடிதான் முதலில் பழுதடைகிறது. எலிகளில் நடந்த ஆய்வுகளில் படியாக்க நச்சுக்கொடிகளில் ஏராளமான மரபணுக்கள் தவறான அளவில் இயங்குவது கண்டறியப்பட்டது. மாட்டின் கருப்பையோடு நச்சுக்கொடி மொட்டு மொட்டாகப் பல இடங்களில் பொருந்தி நிற்கும். சாதாரணச் சினையில் இத்தகைய மொட்டுகள் 70 முதல் 120 வரை இருக்கும். படியாக்கச் சினையில் இவை எண்ணிக்கையில் குறைந்தும், ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெருத்தும், நீர் கோத்தும் காணப்படுகின்றன. உணவும் பிராணவாயுவும் கடக்கும் வழியே கோணலாகிவிடுவதால், பெரும்பாலான கருக்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் அழிகின்றன. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் உருவான கருக்களுக்கும் ஆரம்ப இழப்பு உண்டு. ஆனால் அங்கே இரண்டு மாதம் கடந்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. படியாக்கத்தில் சினை முற்றிய எட்டாம், ஒன்பதாம் மாதத்திலும் இழப்பு தொடர்கிறது என்பதுதான் இதைத் தனிவகைக் கேடாக ஆக்குகிறது. தாயின் உயிருக்கு ஆபத்து வருவதும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

பசுவின் கருப்பையில் கருவைச் சூழ்ந்திருக்கும் நீர், இயல்பான சினையின் முடிவில் சில பத்து லிட்டர்களுக்குள் இருக்கும். நச்சுக்கொடி பழுதான சினையில் அது நூறு லிட்டரைத் தாண்டுவதும் உண்டு. வயிறு இருபுறமும் பானையாக விம்மி, பசு தீனி எடுக்க முடியாமல், மூச்சு வாங்கி, எழ முடியாமல் படுத்துவிடுகிறது. பல நேரங்களில் தாயைக் காப்பாற்ற வேண்டுமானால் சினையைக் கலைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. சில நேரங்களில் தாயும் பிழைப்பதில்லை. சினை முழுமையடைந்தாலும் சிக்கல் முடிவதில்லை. ஈனும் நோவைத் தொடங்கி வைக்கும் சமிக்ஞை இயல்பாகக் கன்றிடமிருந்தே வருகிறது; கன்றின் அட்ரினல் சுரப்பி வெளியிடும் கார்டிசோல்தான் தாயின் உடலுக்கு நாள் நெருங்கிவிட்டதைத் தெரிவிக்கிறது. அதே கார்டிசோல்தான் கன்றின் நுரையீரலை முதல் மூச்சுக்கு ஆயத்தப்படுத்துகிறது. படியாக்கச் சினைகளில் இந்தச் சமிக்ஞை பலவீனமாக வருகிறது, அல்லது வராமலே போகிறது. நாள் கடந்தும் மடி பெருக்காமல், நோவு எடுக்காமல் பசு நிற்கிறது. உள்ளே கன்று வளர்ந்துகொண்டே போகிறது. ஆகவே அறுவை செய்து கன்றை எடுப்பது படியாக்கத்தில் விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு பசு தன் வாழ்நாளில் எத்தனை முறை இப்படிச் சுமக்க வைக்கப்படலாம் என்ற கேள்வியை, படியாக்கத்தைப் பற்றி எழுதுபவர்களில் மிகச் சிலரே எழுப்புகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் வெற்றி என்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு கன்றின் பின்னாலும் கன்று கிடைக்காத பல தாய்கள் இருக்கின்றன.

பிறக்கும் கன்றுகளில் ஒரு பங்கு, பெருங்கன்று நோய்த்தொகுதி என்று சொல்லத்தக்க நிலையோடு பிறக்கின்றன. நாற்பது கிலோ எதிர்பார்க்கும் இடத்தில் அறுபது கிலோவைத் தாண்டும் கன்றுகள் பதிவாகியுள்ளன. உடல் பெரிதாக இருந்தும் உள்ளுறுப்புகள் முதிர்ந்திருப்பதில்லை: நுரையீரல் விரிவதில்லை, இரத்தச் சர்க்கரை சட்டென்று விழுகிறது, உடல் வெப்பம் நிலைப்பதில்லை, தொப்புள்கொடி தடித்து அதன் வழியே தொற்றோ இரத்தப்போக்கோ ஏற்படுகிறது, முன்னங்கால் தசைநாண்கள் சுருங்கிக் கன்று எழுந்து நிற்க முடிவதில்லை, கல்லீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றிலும் குறைகள் தென்படுகின்றன. இதே நிலை, குறைந்த அளவில், சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் பிறந்த கன்றுகளிடமும் காணப்படுகிறது. செம்மறிகளில் இதை ஆராய்ந்தபோது, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஐ.ஜி.எஃப்.2.ஆர் என்ற மரபணுவின் மெத்தில் குறிகள் குறைந்து, கட்டுப்பாடு தளர்ந்திருப்பது தெரிந்தது. கருவை உடலுக்கு வெளியே ஊடகத்தில் வளர்ப்பதே ஓரளவு கேட்டைச் சேர்க்கிறது, படியாக்கம் அதைப் பன்மடங்காக்குகிறது என்பதே இதன் பொருள்.

எண்களைப் பார்த்தால் இதன் அளவு தெளிவாகும். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் இயன் வில்முட், கீத் கேம்பல் குழுவினர் டோலிக்காக 277 கருமுட்டைகளில் உட்கருவை மாற்றினர். அவற்றில் வளர்ந்த 29 கருக்களை 13 செம்மறிகளில் வைத்தனர். 1996 ஜூலை 5 அன்று பிறந்தது ஒரே ஒரு குட்டி. அதற்குப் பின் திறன் கூடியிருக்கிறது என்பது உண்மை. அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில் ஆகிய நாடுகளில் ஐந்தாண்டு வணிக அனுபவத்தைத் தொகுத்து 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பசுக்களில் வைக்கப்பட்ட 3374 படியாக்கக் கருக்களிலிருந்து 317 கன்றுகள் உயிரோடு பிறந்தன. 150 நாட்களைக் கடந்து வாழ்ந்தவை 225. அதாவது வைக்கப்பட்ட கருக்களில் பத்தில் ஒன்றுகூட உயிரோடு பிறக்கவில்லை, பிறந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஐந்து மாதம் தாண்டவில்லை. எந்த இயற்கை ஈற்றிலும் இத்தகைய இழப்பை ஒரு பண்ணை தாங்கிக்கொள்ளாது.

அழிந்த, அழியும் நிலையிலுள்ள இனங்களைப் படியாக்கும் முயற்சிகளில் இந்த முதல் நாட்களின் கொடுமை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஸ்பெயினின் மலைகளில் வாழ்ந்த புக்கார்டோ என்ற காட்டாட்டினத்தின் கடைசிப் பெண் ஆடான செலியா 2000 ஜனவரியில் இறந்தது. முன்பே எடுத்து உறைய வைத்திருந்த அதன் அணுக்களிலிருந்து உருவான குட்டி 2003 ஜூலையில் அறுவை மூலம் எடுக்கப்பட்டது. நுரையீரல் குறைபாட்டால் சில நிமிடங்களிலேயே மூச்சுத்திணறி இறந்தது. 2001 ஜனவரியில் ஒரு சாதாரணப் பசு சுமந்து பிறந்த நோவா என்ற காட்டுமாட்டுக் கன்று இரண்டு நாட்களில் குடல் தொற்றால் இறந்தது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல. முதலாவது படியாக்கத்துக்கே உரிய உறுப்புக் குறை. இரண்டாவது எந்தக் கன்றுக்கும் வரக்கூடிய தொற்று, அதைப் படியாக்கத்தின்மேல் உறுதியாக ஏற்ற முடியாது. படியாக்க விலங்கு எதனால் இறந்தாலும் படியாக்கமே காரணம் என்று எழுதும் பழக்கம், உண்மையான காரணங்களை மறைத்துவிடுகிறது.

டோலியின் கதையிலும் இதுவே நடந்தது. அது ஆறு வயதுச் செம்மறி ஒன்றின் மடி அணுவிலிருந்து உருவானது. 1999-இல் அதன் குரோமோசோம் முனைகளான, வயதேற ஏறக் குறுகும் டெலோமியர்கள் அதே வயதுடைய மற்ற ஆடுகளின் முனைகளைவிடக் குட்டையாக இருப்பது வெளியானது. பின்னர் முழங்காலில் மூட்டுவாதம் கண்டறியப்பட்டது. 2003 பிப்ரவரி 14 அன்று அது கருணைக்கொலை செய்யப்பட்டது. மூன்றையும் கோத்து, ஆறு வயதோடு பிறந்த ஆடு பன்னிரண்டு வயதில் இறந்தது என்ற கதை உலகெங்கும் பரவியது. ஆனால் டோலியைக் கொன்றது நுரையீரல் கட்டி. அது செம்மறிகளிடையே பரவும் ஒரு வைரஸால் வருவது, ரோஸ்லினில் கொட்டகையில் அடைத்து வளர்க்கப்பட்ட பிற ஆடுகளுக்கும் வந்தது. பாதுகாப்புக்காக டோலியும் பெரும்பாலும் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. மூட்டுவாதத்தைப் பொறுத்தவரை, பாதுகாக்கப்பட்ட அதன் எலும்புக்கூட்டை 2017-இல் எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தவர்கள், அந்த வயதுச் செம்மறிக்கு அது அசாதாரணமானதல்ல என்றே முடிவு செய்தனர். அதற்கு ஓராண்டு முன்பு நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கெவின் சின்கிளேர் குழுவினர் 7 முதல் 9 வயதுவரையான 13 படியாக்கச் செம்மறிகளின் இரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுகள் ஆகியவற்றை விரிவாகச் சோதித்திருந்தனர். அவற்றில் நான்கு, டோலி உருவான அதே அணுக்கூட்டத்திலிருந்து பிறந்தவை. அவை வயதுக்கேற்ற நலத்தோடு இருந்தன. சிலவற்றுக்கு இலேசான, ஒன்றுக்கு மிதமான மூட்டுத் தேய்மானம் மட்டும் இருந்தது. டெலோமியர் குறித்தும் ஒரே விதி இல்லை: 2000-இல் விவரிக்கப்பட்ட சில படியாக்கப் பசுக்களில் அம்முனைகள் வழக்கத்தைவிட நீண்டிருந்தன.

இதனால் வளர்ந்த படியாக்க விலங்குகளுக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எலிகளில் ஒரு தொகுதி நிமோனியாவாலும் கல்லீரல் பாதிப்பாலும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் பதிவு செய்தனர். அதே ஆண்டு வேறோர் ஆய்வில் படியாக்க எலிகள் வளர்ந்தபின் உடல் பருத்தன. ஆனால் அந்தப் பருத்த எலிகள் இயல்பாக இணைசேர்ந்து ஈன்ற குட்டிகளுக்கு அந்தப் பருமன் வரவில்லை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். கேடு மரபணுவில் எழுதப்பட்டிருந்தால் அது குட்டிக்கும் போயிருக்கும். குறிகளில் மட்டும் இருந்ததால், விந்தும் முட்டையும் உருவானபோது அழிந்துவிட்டது. டோலி இயல்பாக ஈன்ற ஆறு குட்டிகளும் படியாக்கத்தின் குறையை ஏந்தி வரவில்லை. குறிகளை அழிக்கும் வேலைக்கு வேதிப்பொருளால் உதவி செய்தால் பயன் பெருகும் என்பதையும் எலிகளே காட்டின: வாகயாமா தெருஹிகோ குழுவினர் ஒரு படியின் அணுவிலிருந்து அடுத்த படி என 25 தலைமுறைகள் எலிகளைப் படியாக்கி, 581 எலிகளைப் பெற்றதாக 2013-இல் வெளியிட்டனர், அவை இயல்பான ஆயுளோடு வாழ்ந்தன.

இப்போது உணவுக் கேள்விக்கு வரலாம். பலர் படியாக்கத்தையும் மரபணு மாற்றத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். படியாக்கத்தில் புதிய மரபணு எதுவும் நுழைக்கப்படுவதில்லை. ஆகவே பாலிலோ இறைச்சியிலோ முன்பில்லாத ஒரு புரதமோ நச்சுப்பொருளோ தோன்றுவதற்கு வழி இல்லை. குறிகளின் கோளாறு கன்றை நோயுறச் செய்யலாமே தவிர, நலமாக வளர்ந்த பசுவின் பாலை நஞ்சாக்காது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டில், மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் படிகளிலிருந்தும், எந்தப் படியாக்க விலங்கின் வாரிசிலிருந்தும் வரும் உணவு வழக்கமான உணவைப் போலவே பாதுகாப்பானது என்றது. செம்மறிப் படிகள் குறித்து மட்டும் போதிய தரவு இல்லை என்று ஒதுக்கியது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும், மாட்டுக்கும் பன்றிக்கும் உணவு நோக்கில் வேறுபாடு காணவில்லை. ஆனால் படிகளில் கணிசமான பங்கின் உடல்நலமும் நல்வாழ்வும் கடுமையாகப் பாதிக்கப்படுவதைத் தெளிவாகப் பதிவு செய்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015 செப்டம்பரில் பண்ணை விலங்குகளைப் படியாக்குவதற்கு எதிராக வாக்களித்தபோது, உண்பவரின் உடல்நலத்தைவிட விலங்கின் துன்பமே முன்வைக்கப்பட்ட காரணங்களில் அழுத்தம் பெற்றது. அதுவே நியாயமான வரிசை என்று கருதுகிறேன்.

மறைமுக வழிகளைப் பற்றி ஒரு சொல். நோயுற்ற படியாக்கக் கன்றுகளுக்கும் அவற்றைச் சுமந்த தாய்களுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் இயக்குநீர்களும் (ஹார்மோன்களும்) அதிகம் தரப்படுகின்றன. மருந்து தந்தபின் குறிப்பிட்ட நாட்கள் கழிந்தே பாலையும் இறைச்சியையும் எடுக்க வேண்டும் என்று மற்ற மாடுகளுக்குப் பொருந்தும் மருந்து இடைவெளி விதியும் இறைச்சிக்கூடச் சோதனையும் இவற்றுக்கும் தளர்வின்றிப் பொருந்த வேண்டும். மேலும், பெரும் பொருள் செலவில் உருவாகும் படி யாராலும் கறிக்காக வளர்க்கப்படுவதில்லை. அது இனவிருத்திக்குப் போகிறது, சந்தைக்கு வருவது அதன் வாரிசுகள்.

மந்தையின் நலம் என்பது வேறு கோணம். ஒரே காளையின் படிகளும் அவற்றின் வாரிசுகளும் பெருகினால், நோயெதிர்ப்பு மரபணுக்களில் வேறுபாடு சுருங்கி, ஒன்றைத் தாக்கும் கிருமி அனைத்தையும் தாக்க வழி பிறக்கும். செயற்கைக் கருவூட்டலே இந்தச் சுருக்கத்தைப் பல இனங்களில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஆனால் இதற்கு நேர்மாறான பயனும் படியாக்கத்துக்கு உண்டு. வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் என்னும் சிறு ஊனுண்ணி இனத்தில் இன்றுள்ளவை ஏழே விலங்குகளின் வழிவந்தவை. அந்த ஏழில் சேராத வில்லா என்ற விலங்கின் அணுக்கள் 1988-இல் உறைய வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது, அதே அணுக்களிலிருந்து பின்னர் பிறந்த அன்டோனியா 2024-இல் குட்டிகளை ஈன்றது. தொலைந்துபோன மரபணு வேறுபாடு இவ்வாறு மந்தைக்குத் திரும்பியது. இங்கே இழப்பைப் பொறுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

செல்லப்பிராணிகளில் அந்தக் காரணத்தை என்னால் காண முடியவில்லை. 2005-இல் தென்கொரியாவில் ஸ்னப்பி என்ற நாய் பிறப்பதற்கு 1095 கருக்கள் 123 பெண் நாய்களில் வைக்கப்பட்டன. மூன்று சினைகளே நிலைத்தன, இரண்டு குட்டிகள் பிறந்தன, ஒன்று 22 நாட்களில் நிமோனியாவால் இறந்தது. நாயின் முட்டைகளை எடுப்பதற்கும் கருக்களை வைப்பதற்கும் அறுவை தேவைப்படுகிறது. இன்றைய திறன் அன்றைவிடக் கூடியிருந்தாலும், இறந்த நாயின் உருவத்தைத் திரும்பப் பெற விரும்புகிறவர் அதற்காகப் பெயர் தெரியாத வேறு எத்தனை நாய்களின் வயிறு திறக்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். சிசியைப் பார்த்தவர்களுக்கு, உருவம்கூட அப்படியே திரும்பாது என்பதும் தெரியும்.

மனிதனுக்கு நெருங்கிய இனங்களில் நிலைமை இன்னும் கடினம். சீன அறிவியல் கழகத்தின் ஷாங்காய் ஆய்வாளர்கள் 2018 ஜனவரியில் அறிவித்த சோங் சோங், ஹுவா ஹுவா என்ற இரு குரங்குகளும் கருநிலை அணுக்களிலிருந்து வந்தவை. அதே ஆய்வில் வளர்ந்த குரங்கின் அணுக்களிலிருந்து உருவான 181 கருக்கள் 42 தாய்களில் வைக்கப்பட்டன. 22 சினைகள் பிடித்தன. பிறந்த இரண்டு குட்டிகளும் விரைவில் இறந்தன. மனிதப் படியாக்கம் பற்றி யாராவது நம்பிக்கையோடு பேசினால் இந்த எண்களையே அவர் முன் வைக்கலாம். 2024-இல் அதே நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட அடுத்த முயற்சியில், நச்சுக்கொடியாக வளரும் வெளிப்புற அணுக்களைப் படியாக்கக் கருவிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், கருவின் உட்பகுதியை மட்டும் பிரித்து, விந்தும் முட்டையும் சேர்ந்து உருவான ஒரு கருவின் வெளியுறைக்குள் வைத்தனர். அவ்வாறு செய்த 11 கருக்கள் ஏழு தாய்களில் வைக்கப்பட்டு, ரெட்ரோ என்ற ஓர் ஆண் ரீசஸ் குரங்கு 2020 ஜூலையில் பிறந்து இரண்டு வயதைத் தாண்டி நலமாக வளர்ந்தது. அதன் உடல் படியாக்கத்தில் உருவானது; பிறக்கும்வரை அதற்கு உணவூட்டிய நச்சுக்கொடி மட்டும் இயல்பான கருவிலிருந்து வந்தது.